சைக்கிளோ நீச்சலோ, பிள்ளையிடம் கேட்டுக் கற்றுத்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சைக்கிள் கத்துக்கிறியா, வேண்டாமா?" இந்தக் கேள்வியே முதல் தவறு. பயந்த பிள்ளை வேண்டாம் என்றுதான் சொல்லும். சொன்னாலும் நாம் விடப்போவதில்லை. கேட்டுவிட்டு மீறுவதற்குக் கேட்காமலே இருக்கலாம். கற்றே ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், எப்படி என்பதைக் கேளுங்கள்: "கோட்டை மைதானத்துக்குக் காலையிலயே போலாமா, வெயில் தாழ்ந்து போலாமா?" "முதல்ல காலால தரையைத் தள்ளிப் பழகுறியா, நான் சீட்டைப் பிடிச்சுக்கட்டுமா?" ஐந்து வயதுக்கு இரண்டு வழி போதும். நான்கைந்து சொன்னால் விழிக்கும்.

அதிகம் கெடுப்பது நம் வாய். விழுந்தவுடன் ஆரம்பிக்கிறோம்: "ஹேண்டிலை ஏன் ஒடிச்ச? நேரா பாருன்னு சொன்னேனா இல்லையா?" திருத்தம் எப்போது வேண்டும் என்பதைக் கற்பவரிடமே விட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். 2002-இல் சிவியகோவ்ஸ்கியும் வுல்ஃபும் செய்த ஆய்வில், நன்றாகச் செய்தோம் என்று நினைத்த தடவைகளுக்குப் பிறகுதான் பெரும்பாலோர் 'எப்படி இருந்தது' என்று கேட்டார்கள். நாமோ சொதப்பியதற்கு மட்டும் பிரசங்கம் செய்கிறோம். பத்தடி தானாக ஓட்டியதற்கு ஒரு வார்த்தை கிடையாது. "எப்படி ஓட்டினேன்னு தெரியணும்னா கேளு, சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம், அது வேறு கதை.

தேர்ந்தெடுக்க விட்டாலே திறமை வந்துவிடும் என்று நம்புவதும் தவறு. கோல்ஃப் பந்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கவிட்டதே கற்றலுக்கு உதவியது என்று ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் 2022-இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறியிருப்பதால் பலன் பெரிதாகத் தெரிகிறது, அதைக் கழித்தால் மிஞ்சுவது மிகக் குறைவு என்றார்கள். என்னைக் கேட்டால், தேர்ந்தெடுக்க விடுவதால் சண்டை குறைகிறது, பிள்ளை நாளைக்கும் வருகிறது. கற்றுத்தருவது என்னவோ பழக்கம்தான்.

அப்புறம், கிணறு. பாலாற்றங்கரை ஊர்களில் இடுப்பில் கயிறோ, டயர் ட்யூபோ கட்டித்தான் நீச்சல் பழக்குவார்கள். "படியில உட்கார்ந்து காலை அடிக்கிறியா, ட்யூபைப் பிடிச்சுக்கிட்டு மிதக்கிறியா?" என்று கேட்கலாம். கயிறு வேண்டுமா என்று கேட்கக் கூடாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே இருக்க வேண்டும்; அதற்கும் பிள்ளையின் சம்மதம் தேவையில்லை. பயம் போகட்டும் என்று பிடித்துத் தள்ளும் மாமாக்களை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.