பாராளுமன்றத்தின் நாட்காட்டியைத் திருகோணமலையிலிருந்து வாசிப்பது எப்படி?

எங்கள் வாசிகசாலைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், போயா நாட்களுக்குப் பக்கத்திலேயே, பாராளுமன்றம் கூடும் நாட்களையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறோம். இந்தப் பழக்கம் ஒரு நட்டத்தின் பின்னர் வந்தது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில், எங்கள் பக்கத்து இறங்குதுறையின் திருத்த வேலை பற்றிப் பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்புமாறு ஓர் உறுப்பினரைக் கேட்டு, அவரும் அறிவித்தல் கொடுத்திருந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 12ஆம் திகதி கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டது. 2022 ஜனவரி 18ஆம் திகதி சபை மீண்டும் கூடியபோது, அந்தக் கேள்விக்குப் புதிதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. நினைவூட்டவும் ஒருவரும் இருக்கவில்லை. பதில் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு வேறெவருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், பாராளுமன்றம் முதன்முதலாகக் கூடிய திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்தல் நடந்த திகதியிலிருந்து எண்ணுவது பலரும் செய்யும் பிழையாகும். தற்போதைய பத்தாவது பாராளுமன்றத்துக்கான தேர்தல் 2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்றது. ஆனால் அதன் ஆயுட்காலம் முதல் அமர்வு நடந்த நவம்பர் 21ஆம் திகதியிலிருந்தே தொடங்குகிறது. அரசியலமைப்பின்படி அந்த ஆயுள் ஐந்து ஆண்டுகள். ஆகவே இடையில் கலைக்கப்படாவிட்டால் 2029 நவம்பரில் அது தானாகவே முடியும். முதல் அமர்விலிருந்து இரண்டரை ஆண்டுகள் கழியும் வரை, பாராளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி, சனாதிபதி அதனைக் கலைக்க முடியாது. எனவே 2027 மே 21 என்ற திகதியையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

இந்த எல்லையை வெறும் எழுத்தாக நினைக்கக் கூடாது. 2018 நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது, அன்றைய எல்லை நாலரை ஆண்டுகளாக இருந்தது. எங்கள் மாவட்டத்தின் உறுப்பினரான இரா. சம்பந்தன் முதலானோர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். டிசெம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். அந்தத் தீர்ப்பு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

அடுத்து, மூன்று சொற்களைப் பிரித்தறியப் பழக வேண்டும். ஒத்திவைப்பு என்பது சபை அன்றைய அமர்வை முடித்து அடுத்த அமர்வு நாளுக்குச் செல்வது மட்டுமே. அதனால் நிலுவையில் உள்ள எதுவும் பாதிக்கப்படாது. கலைப்பு என்றால் உறுப்பினர் பதவிகளே முடிந்துவிடும். தேர்தல் திகதி குறிக்கப்பட்டு, பிரகடனத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் புதிய பாராளுமன்றம் கூட வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எங்களைத் தடுக்கி விழச் செய்த கூட்டத்தொடர் முடிவுறுத்தல். சனாதிபதி வர்த்தமானிப் பிரகடனத்தின் மூலம் இதைச் செய்கிறார். இரண்டு மாதங்களுக்கு மேற்படாத ஒரு திகதியில் அடுத்த கூட்டத்தொடர் தொடங்க வேண்டும். உறுப்பினர்கள் உறுப்பினர்களாகவும் சபாநாயகர் சபாநாயகராகவும் நீடிப்பர். முடிவுறாத விடயங்களைப் புதிய கூட்டத்தொடரில் தொடரலாம் என்று அரசியலமைப்பே கூறுகிறது. ஆனால் சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் இருந்தவற்றுக்குப் புதிதாக அறிவித்தல் கொடுப்பதே வழக்கம். கோப் (அரசாங்கப் பொறுப்புமுயற்சிகள் பற்றிய குழு) போன்ற குழுக்களும் மீண்டும் அமைக்கப்பட வேண்டியிருக்கும். ஆகையால் அத்தகைய வர்த்தமானி வெளிவந்த அன்றே உங்கள் உறுப்பினருக்குத் தொலைபேசி எடுங்கள்.

இனி, பதவிகளில் இருப்போர் எவ்வாறு தெரிவாகின்றனர் என்பதைப் பார்ப்போம். புதிய பாராளுமன்றம் கூடும் முதல் நாளை, முடிந்தால் நேரடி ஒளிபரப்பில் முழுமையாகப் பாருங்கள். சபாநாயகரின் ஆசனம் வெறுமையாக இருக்கும். செயலாளர் நாயகமே நடவடிக்கையை நடத்துவார். உறுப்பினர்கள் சத்தியப்பிரமாணம் செய்வதற்கு முன்னரே சபாநாயகர் தெரிவு நடந்துவிடும். ஓர் உறுப்பினர் பெயரை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிவார். ஒரேயொரு பெயர் என்றால் வாக்கெடுப்பு இல்லை. ஒன்றுக்கு மேற்பட்டால் இரகசிய வாக்கெடுப்பு. 2004 ஏப்ரலில் 110க்கு 109 என்ற கணக்கில், ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில், வி. ஜ. மு. லொக்குபண்டார சபாநாயகரானார். கட்சிக் கட்டளையைவிட ஓர் உறுப்பினரின் கை எழுதும் பெயருக்கு எவ்வளவு பாரம் உண்டு என்பதை அந்த நாள் காட்டியது. அதே முதல் அமர்வில் பிரதிச் சபாநாயகரும் குழுக்களின் பிரதித் தவிசாளரும் தெரிவாகின்றனர். சபாநாயகர் இடையில் விலகினால் சபை மீண்டும் தெரிவு செய்யும்: 2024 டிசெம்பர் 13ஆம் திகதி அசோக ரன்வல விலகினார், 17ஆம் திகதி ஜகத் விக்ரமரத்ன தெரிவானார்.

பிரதமரைச் சபை வாக்களித்துத் தெரிவு செய்வதில்லை. பாராளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் எனத் தாம் கருதும் உறுப்பினரைச் சனாதிபதி நியமிக்கிறார். எனினும் நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறினாலோ, ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தோற்றாலோ, அரசாங்கத்தின் கொள்கைக் கூற்று நிராகரிக்கப்பட்டாலோ அமைச்சரவை முழுவதும் கலைந்துவிடும். சபை முதல்வரையும் ஆளுங்கட்சியின் முதற்கோலாசானையும் (கட்சி உறுப்பினர்களை வாக்கெடுப்புக்கு ஒழுங்குபடுத்தும் கொறடா) அரசாங்கத் தரப்பே நியமித்துக்கொள்கிறது.

எதிர்க்கட்சித் தலைவர் பதவி வேறு வகையானது. அதற்கு வாக்கெடுப்பு இல்லை. சபாநாயகரின் அங்கீகாரமே அதைத் தருகிறது. 2015 செப்டெம்பர் 3ஆம் திகதி, 16 ஆசனங்களைக் கொண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவரான சம்பந்தன் அவ்வாறு அங்கீகரிக்கப்பட்டார். இரு பெரிய கட்சிகளும் ஒரே அரசாங்கத்தில் இருந்ததால் அந்த இடம் திறந்தது. 2018 டிசெம்பரில் அந்தக் கணக்கு மாறியதும், மகிந்த ராஜபக்சவுக்கு அங்கீகாரம் சென்றது. பிரதமரோடும் சபாநாயகரோடும், உயர் பதவி நியமனங்களைப் பரிசீலிக்கும் அரசியலமைப்புப் பேரவையில் பதவி வழியாக அமர்பவர் என்பதால், இந்தப் பதவியை வெறும் மரியாதைப் பதவியாக எண்ணுவது தவறாகும்.

எங்கள் மாவட்டத்துக்கு 225 ஆசனங்களில் நான்கே உரியவை. ஓர் உறுப்பினர் இறந்தால் இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் விருப்பு வாக்குகளில் அடுத்து நிற்பவர் வருவார். 2024 ஜூன் 30ஆம் திகதி சம்பந்தன் மறைந்த பின்னர் ச. குகதாசன் வந்தது அவ்வாறே. ஆகவே உங்கள் கடிதத்தை எழுதும்போது, அந்த ஆசனத்தில் இன்று அமர்ந்திருப்பவர் யார் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனு அனுப்ப விரும்பினால், அதை ஓர் உறுப்பினரின் வழியாகவே சபையில் முன்வைக்க வேண்டும். நேராக அனுப்புவதில் பயனில்லை. கேள்வியாயினும் மனுவாயினும் பிரதியின் மேல் மூலையில் கூட்டத்தொடரின் எண்ணையும் கையளித்த திகதியையும் எழுதி வையுங்கள். எங்கள் கோப்பில் இறங்குதுறைக் கேள்வி இப்போது இரண்டு பிரதிகளாக இருக்கிறது. இரண்டாவதன் மூலையில் மட்டுமே அந்த எண் உண்டு, பதில் கிடைத்ததும் அதற்குத்தான்.