புலப்படத்தை வைத்துப் பரப்பளவு சொல்லிக்கொடுக்கும் முறை

நாற்கரத்தின் பரப்பு ½ × d × (h₁ + h₂) (d மூலைவிட்டம்; h₁, h₂ மற்ற இரு முனைகளிலிருந்து அதற்கு வரையும் செங்குத்துகள்) என்று கரும்பலகையில் எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதே சூத்திரத்தில்தான் சர்வேயர் வயலை அளக்கிறார் என்று தெரிந்தால் மறக்கமாட்டார்கள். திருநெல்வேலி வட்டாரத்தில் வரப்புத் தகராறு கேட்டு வளராத பிள்ளை குறைவு. அதனால் புலப்படம், அதாவது ஒரு சர்வே நம்பர் நிலத்தின் எல்லைக் கோடுகளையும் அளவுகளையும் காட்டும் எப்.எம்.பி. வரைபடம், நல்ல பாடக்கருவி.

யாரையும் வீட்டுப் பட்டாவைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். நிலமில்லாத வீட்டுப் பிள்ளை அங்கேயே குறுகிப்போகும். பள்ளிக்கூட மைதானம் அல்லது ஊர்ப் பொது நிலத்தின் சர்வே நம்பரைக் கேட்டு வாங்கி, அரசின் இணையவழி நிலச்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் கொடுத்துப் படத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

அச்செடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் படம் சுருங்கி, 1:1000 என்ற அளவுத்திட்டம் பொய்யாகிவிடும். சுருங்கியே வந்துவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். 60 மீட்டர் என்று எழுதிய கோடு தாளில் 5.7 செ.மீ. இருந்தால் உண்மையான அளவுத்திட்டம் என்ன? 6000 ÷ 5.7, ஏறக்குறைய 1:1053. விகிதப் பாடம் அங்கேயே முடிந்தது.

இனி கணக்கு. மூலைவிட்டம் 6 செ.மீ., அதற்கு இருபுறமும் செங்குத்து (சர்வேயர் வாய்மொழியில் ஆஃப்செட்) 2.4, 1.8 செ.மீ. தாளில் பரப்பு 12.6 ச.செ.மீ. பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் சறுக்குவார்கள்: 1 செ.மீ. என்பது 10 மீட்டர், அதனால் 126 ச.மீ. என்பார்கள். உடனே திருத்தாமல், சென்ட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு சென்ட் 40.47 ச.மீ.; விடை 3 சென்ட் வரும். “மூணு சென்ட்ல ஒரு வீடுதாம்ல கட்டலாம், இது வயக்காடுல்லா?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பிறகு 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்து, தாளின் ஒரு ச.செ.மீ. இதுதான், 100 ச.மீ., ஓர் ஏர் என்று காட்டுங்கள். சரியான விடை 1260 ச.மீ.; பட்டாவில் 12.60 ஏர், ஊர்ப்பேச்சில் சுமார் 31 சென்ட்.

பழைய படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். மூலைவிட்டம் 300, செங்குத்துகள் 120, 80 என்றால் 30,000 சதுர லிங்க்; மூன்று சுழியத்தை நீக்கினால் 30 சென்ட். சங்கிலியின் அழகே இதுதான், ஒருமுறையாவது செய்யவையுங்கள்.

மைதானத்தில் அளக்க 30 மீட்டர் டேப், நான்கைந்து மூங்கில் கம்பு, 12 மீட்டர் கயிறு போதும். கயிற்றில் 3, 7 மீட்டரில் முடிச்சுப் போட்டு, இரு நுனியையும் சேர்த்து முக்கோணமாக இழுத்தால் 3 மீட்டர் முடிச்சில் செங்கோணம். நைலான் கயிறு இழுபடும், வேண்டாம். செங்குத்து சாய்ந்துவிட்டால் நீளம் கூடும், குறையவே குறையாது. அதனால் பரப்பும் கூடுதலாகத்தான் வரும். ஏன் என்பதைப் பிதாகரசு தேற்றத்தால் பிள்ளைகளே சொல்லட்டும்.

வளைந்த கரைக்கு இந்த முறை மட்டும் போதாது. ஊர்க் குளத்தின் செயற்கைக்கோள் படத்தை 1 செ.மீ. கட்டத்தாளில் படியெடுத்து, பாதிக்கு மேல் நிரம்பிய கட்டத்தை ஒன்றாக எண்ணி, குறைந்ததை விட்டுவிடவும். அதையே அரை செ.மீ. கட்டத்தில் எண்ணினால் விடை பெரும்பாலும் இன்னும் நெருங்கும். குளம் நிரம்பி மறுகால் பாயும் காலத்துப் படம் ஒன்று, சித்திரை வெயிலில் எடுத்தது ஒன்று, இரண்டும் ஒரே அளவுத்திட்டத்தில் கிடைத்தால் நீர்ப்பரப்பு எத்தனை சதவீதம் வற்றியது என்று கேளுங்கள்.