ரிவர்சல் குடுக்கும்போது ஹார்ட் ரேட் விழாம பாத்துக்கிறது எப்படி

அனஸ்தீசியாவுக்கு புதுசா வந்திருக்கிற பிஜி டாக்டர்களுக்கும் தியேட்டர் டெக்னீஷியன்களுக்கும் எழுதுறேன், டோஸ் முடிவு பண்றது எப்பவும் உங்க சீனியர் அனஸ்தடிஸ்ட் தான், ஆனா ஏன் இப்படி குடுக்கிறாங்கன்னு தெரிஞ்சுகிட்டு பக்கத்துல நின்னா உங்க கண்ணு தானா சரியான இடத்துக்கு போகும்.

வெக்குரோனியம், அட்ராகுரியம் மாதிரி மருந்து குடுத்து தசையை தளர்த்தி வச்சிருப்போம். ஆபரேஷன் முடிஞ்சதும் பேஷண்ட் சொந்தமா மூச்சு விடணும், அதுக்கு நியோஸ்டிக்மின், இப்படி தளர்வை எடுத்துவிடுறதுக்குத்தான் ரிவர்சல்னு பேரு. நரம்போட சேதியை தசைக்கு கொண்டு போற அசிட்டைல்கோலினை உடைக்கிற என்சைமை இது தடுத்துடும், அசிட்டைல்கோலின் சேர்ந்து சேர்ந்து தளர்த்தி மருந்தை ஒதுக்கிட்டு தசையை எழுப்பும். சிக்கல் என்னன்னா அசிட்டைல்கோலின் தசையில மட்டுமா இருக்கு? வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குறதும் இதே பொருளை வச்சுதான். 1921ல ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தோட வேகஸை தூண்டிவிட்டு, அதுலருந்து வந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்துல விட்டார், அந்த ரெண்டாவது இதயமும் மெதுவாச்சு. தனியா நியோஸ்டிக்மின் போட்டா பேஷண்டுக்கும் அதுதான் நடக்கும், ஹார்ட் ரேட் சரசரன்னு இறங்கும், நின்னும் போகலாம். கூடவே எச்சில் கொட்டும், மூச்சுக்குழல் சுருங்கும்.

அதனாலதான் கிளைக்கோபைரோலேட். இது இதயத்துல அசிட்டைல்கோலின் வந்து ஒட்டுற மஸ்கரினிக் ரிசெப்டரை மூடிடும், தசையில இருக்கிறது நிக்கோட்டினிக், அதை தொடாது, அதனால ரிவர்சல் கெடாது.

மருந்தை சிரிஞ்சுல லோடு பண்றதுக்கு முன்னாடி நரம்பு ஸ்டிமுலேட்டர் வச்சு ட்ரெயின் ஆஃப் ஃபோர் பாருங்க, அதாவது நரம்பை வரிசையா நாலு தடவை தூண்டி தசை எத்தனை தடவை துடிக்குதுன்னு பாக்கிறது. நாலு துடிப்பும் வரலன்னா காத்திருங்க, தளர்வு ஆழமா இருக்கும்போது நியோஸ்டிக்மினை ஏத்தி குடுக்கிறதால தசை சீக்கிரம் வராது, இதயத்துக்கு தான் தொந்தரவு.

கணக்கு: நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், மொத்தம் 5 மில்லிகிராம் தாண்டக்கூடாது. ஒவ்வொரு 1 மில்லிகிராம் நியோஸ்டிக்மினுக்கும் கிளைக்கோ 0.2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுன்னா நியோஸ்டிக்மின் 3, கிளைக்கோ 0.6. நம்ம ஊர் ஆம்பியூல் வழக்கமா மில்லிக்கு 0.5 மில்லிகிராமும் 0.2 மில்லிகிராமும் தான், அப்போ 6 மில்லி, 3 மில்லி. ஆனாலும் ஆம்பியூல் மேல எழுதியிருக்கிறதை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு படிங்க, சிரிஞ்சுல லேபிள் ஒட்டுங்க.

ரெண்டையும் ஒரே சிரிஞ்சுல கலந்து குடுக்கலாம், இல்லன்னா கிளைக்கோ முதல்ல. நியோஸ்டிக்மின் முதல்ல போகவே கூடாது. குறைஞ்சது ஒரு நிமிஷம் எடுத்து மெதுவா குடுங்க.

கிளைக்கோ இல்லாத இடத்துல அட்ரோபின், கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், அதே 60 கிலோவுக்கு 1.2, அதாவது 0.6 ஆம்பியூல் ரெண்டு. ஆனா இது ஒரு நிமிஷத்துல வேலை ஆரம்பிச்சுடும், நியோஸ்டிக்மின் உச்சத்துக்கு வர 7லருந்து 10 நிமிஷம் ஆகும், அதனால முதல்ல ரேட் எகிறும். அட்ரோபின் மூளைக்குள்ளயும் போகும், வயசானவங்க குழம்பிப்போவாங்க. கிளைக்கோ ரெண்டு மூணு நிமிஷத்துல மெதுவா ஆரம்பிக்கும், மூளைக்கு போறதில்ல, ரெண்டும் இருந்தா நான் கிளைக்கோ தான் எடுப்பேன்.

மருந்து போட்டாச்சுன்னு கேஸ் ஷீட் எழுத திரும்பிடாதீங்க! அந்த 10 நிமிஷம் தான் மானிட்டரை பாக்க வேண்டிய நேரம். ரேட் 50க்கு கீழ போய் பிரஷரும் விழுந்தா அட்ரோபின் 0.6, அதை முன்னாடியே லோடு பண்ணி வச்சிருக்கணும். பயந்துட்டு 0.2, 0.3ன்னு குடுக்காதீங்க, பெரியவங்களுக்கு 0.5க்கு குறைஞ்சா ரேட் இன்னும் இறங்கலாம். அதுக்கும் ஏறலன்னா சீனியரை கூப்பிடுங்க, அட்ரினலின் எடுங்க, நின்னுடுச்சுன்னா உடனே சிபிஆர்.

சிலருக்கு கூடுதல் கவனம் வேணும். மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தோட மைட்ரல் வால்வு சுருங்கினது), இதய ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறவங்களுக்கு ரேட் ஏறுறதும் ஆபத்து, அதுக்காக கிளைக்கோவை விட்டுடாதீங்க, இன்னும் மெதுவா குடுங்க. பீட்டா பிளாக்கர் சாப்பிடுறவங்களுக்கு ரேட் ஏற்கனவே கம்மி. இதயம் மாத்தினவங்களுக்கு வேகஸ் தொடர்பு அறுந்திருக்கும், அதனால ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்காதீங்க, நியோஸ்டிக்மினுக்கு அப்புறம் அவங்க இதயம் நின்ன கேஸ்கள் பதிவாகியிருக்கு, அப்போ அட்ரோபினும் சரியா கை குடுக்காது. குடுத்தது ரோகுரோனியமோ வெக்குரோனியமோன்னா இந்த மாதிரி ஆட்களுக்கு சுகமாடெக்ஸ்ங்கிற வேற ரிவர்சல் மருந்து நல்ல வழி, விலை தான் அதிகம். அதுலயும் ரேட் விழலாம், அட்ரோபின் சிரிஞ்ச் அப்பவும் கையில இருக்கட்டும்.

ரெக்கவரிக்கு அனுப்பும்போது எத்தனை மணிக்கு என்ன குடுத்தோம்னு நர்ஸ் கிட்ட சொல்லுங்க, வாய் வறண்டு போச்சுன்னு பேஷண்ட் சொல்வார், சில பேருக்கு யூரின் போக லேட் ஆகும், அது கிளைக்கோவால இருக்கலாம்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்.