சார்லட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு: கொஞ்சம் ஊர்க்கதையும் தெரிந்துகொள்ளுங்கள்

சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், பொன்னி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதெல்லாம் வந்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வரும். ஆனால் இந்த மண்ணில் யார் உழைத்தார்கள், யாரை ஏலம் போட்டு விற்றார்கள் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. வட கரோலினாவுக்கு வந்து ஆறு வருடம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

முதலில் வீடு. "அந்தப் பக்கம் வேண்டாம், ஏரியா சரியில்லை" என்று உங்களிடம் நிச்சயம் யாராவது சொல்வார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். அந்த வார்த்தையை நம்புவதற்கு முன் புரூக்ளின் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். நியூயார்க்கில் இருப்பது அல்ல, நம் சார்லட்டிலேயே இருந்த ஒரு புரூக்ளின். இன்று நம்மில் பலர் வேலைக்குப் போகும் அப்டவுனின் இரண்டாம் வார்டில், கறுப்பின மக்களின் வீடுகளும் கடைகளும் தேவாலயங்களும் பள்ளியுமாக அது இருந்தது. 1960களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் மொத்தத்தையும் இடித்துவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் ஊரின் மேற்கிலும் வடக்கிலும் போய்த் தங்கினார்கள். நாம் "சரியில்லை" என்று சொல்லும் தெருக்களில் பல அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

வீடு வாங்கும் நிலை வந்தால், மையர்ஸ் பார்க் போன்ற பழைய பகுதிகளின் பத்திரங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'வெள்ளை இனத்தவர் மட்டுமே குடியிருக்கலாம்' என்ற நிபந்தனை அவற்றில் இன்னும் அச்சில் இருக்கும். அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரி நம்மையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தியது. இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946இல் கதவு கொஞ்சம் திறந்தபோதும் இந்தியர்களுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்தான்.

அது எப்படி மாறியது? இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கிரீன்ஸ்பரோ. அங்கே 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அவர்களைப் போன்றவர்கள் அடி வாங்கி, சிறை சென்று, 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டத்தையும் பெற்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, நாடு பார்த்து ஒதுக்கும் பழைய குடிவரவு முறையை நீக்கும் சட்டம் வந்தது. மூன்றிலும் கையெழுத்திட்டவர் லிண்டன் ஜான்சன். நம் விசா அந்த வழியாகத்தான் வந்தது.

இதனால்தான் பேச்சு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். "காப்பிலி", "கருப்பன்" என்று வீட்டுக்குள் தமிழில்தானே சொல்கிறோம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் பாடப்புத்தகங்களில் படித்த "நீக்ரோ" என்ற சொல்லும் வேண்டாம். பிளாக், ஆப்பிரிக்கன் அமெரிக்கன் என்றே சொல்லுங்கள். அடிமைகளைக்கூட இப்போது "ஸ்லேவ்ஸ்" என்பதைவிட "என்ஸ்லேவ்ட் பீப்பிள்" என்று சொல்பவர்கள் அதிகம். அடிமை என்பது அவர்கள் பிறவி அல்ல, யாரோ அவர்களை அப்படி ஆக்கினார்கள்.

அப்புறம், முதல் நீண்ட வாரக்கடைசி கிடைத்ததும் எல்லாரும் மிர்ட்டில் பீச் கிளம்புவார்கள். நீங்கள் தென் கரோலினாவின் பழைய துறைமுக ஊரான சார்ல்ஸ்டன் போங்கள். காரில் மூன்றரை மணி நேரம்.

போன வருடம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு மன்னார்குடி பக்கம். அங்கே ஒரு காலத்தில் நெல்தான் பணம் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரோலினா கோல்டு என்ற அந்த நெல்லை வைத்துத்தான் ஊரே பணக்கார ஊரானது. நெல் தெரிந்தவர்கள் முதலாளிகள் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன், செனகாம்பியா பக்கத்திலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அவர்கள். சதுப்புக் காட்டை வெட்டி வரப்பு கட்டினார்கள். கடல் ஏற்றத்தில் ஆற்று நன்னீர் எதிர்த்து ஏறும் நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சினார்கள். தொடக்ககால மதகுகள் குடைந்த மரத்தண்டுகள்தான். விளைந்ததை உரலில் போட்டு உலக்கையால் குத்தினார்கள். பாம்பு, மலேரியா, முழங்கால் சேற்றில் நாளெல்லாம் வேலை. 1739இல் ஸ்டோனோ ஆற்றருகே ஆயுதம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே, அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தடைசெய்து சட்டம் போட்டார்கள்.

பழைய செங்கல் சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வழிகாட்டி ஒருவர் காட்டிய ஒரு கல்லில் மூன்று சின்னக் குழிகள் இருந்தன. ஈரம் காயுமுன் எடுத்து அடுக்கிய, அடிமைப்படுத்தப்பட்ட பிள்ளையின் விரல் பதிந்த இடம். என் சுண்டுவிரல்கூட அதில் முழுதாகப் பொருந்தவில்லை.

துறைமுகத்தில் நின்று சம்டர் கோட்டையைப் பாருங்கள். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய இடம். மறு ஆண்டு மே 13 விடியற்காலையில், ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமைப்படுத்தப்பட்ட இளைஞர், கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பிளான்டர் என்ற கப்பலை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கையில் இருந்த அதே கோட்டையைத் தாண்டி வடக்குப் படையிடம் ஓட்டிப்போனார். கோட்டைக்குக் கொடுக்க வேண்டிய விசில் சமிக்ஞை அவருக்குத் தெரிந்திருந்தது. கப்பலில் அவர் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். தன்னை வைத்திருந்த முதலாளியின் வீட்டையே விலைக்கு வாங்கினார். பிள்ளைகளுக்கு ராத்திரி சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

சிட்டி மார்க்கெட்டில், அந்த அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்த கல்லா (Gullah) சமூகப் பெண்கள் புல்லால் கூடை பின்னி விற்கிறார்கள். விலை நூற்றுக்கணக்கான டாலர். பேரம் பேசாதீர்கள், ஒரு கூடைக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது. தட்டையான ஒன்றை எடுத்து, "ஏன்டி, இது நம்ம முறமால்ல இருக்கு" என்று அம்மா புடைத்துக் காட்டினாள். விற்ற அம்மையார் சிரித்து, தானும் ஒன்றை எடுத்து அதே மாதிரி புடைத்தார். அதற்கு ஃபேனர் என்று பெயராம், நெல் புடைக்கத்தானாம். திரும்பும் வழியில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம களத்துல தூத்துன பண்ணையாளுங்க பேருகூட எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி" என்றாள்.

போகும்போது பண்ணை மாளிகைகளில் எது எதைக் காட்டுகிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். சில இடங்களில் தோட்டத்தையும் சரவிளக்கையும் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஜேம்ஸ் தீவிலுள்ள மெக்லியோடில் உழைத்தவர்களின் கதையைத்தான் முதலில் சொல்கிறார்கள், அவர்கள் குடியிருந்த மரவீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்தவர்களைக் கப்பலிலிருந்து இறக்கிய கேட்ஸ்டன் துறையில் 2023இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் தாங்காது. அக்டோபர் கடைசி நல்லது. அப்போதும் கொசு இருக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.