தொழுவத்து உண்ணியை ஒழித்த விதம்

அலங்காநல்லூர் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் நாய்க்கும் மாட்டுக்கும் எத்தனை மருந்து போட்டாலும் உண்ணி திரும்பத் திரும்ப வந்தது. கால்நடை மருத்துவர் சுவரைப் பார்க்கச் சொன்னார். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். டார்ச் அடித்துப் பார்த்தால், செங்கல் விரிசலுக்குள் கடுகைவிடச் சின்னதாய்ப் பழுப்பு முட்டைகள், கொத்துக் கொத்தாக!

விரிசல்களைச் சிமெண்டு பூசி அடைத்தோம், அப்புறம் சுண்ணாம்பு அடித்தோம். நாய் படுக்கும் சாக்கை எரித்து, வாசலைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டினோம். மருந்தை அவர் சொன்ன அளவில் அடித்து, முட்டை பொரிந்து வருவதையும் பிடிக்க இடைவெளி விட்டு மறுபடி அடித்தோம். அதுதான் முக்கியம். இப்போது நாயின் காதுமடல் சுத்தமாக இருக்கிறது.

கடித்திருக்கும் உண்ணியை மட்டும் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.