நடுகல்லுக்கு லைட் பிடிப்போம்: இன்ஜினியரிங்கும் ஓவியமும் சேர்ந்த ப்ராஜெக்ட் செய்வது எப்படி

இன்ஜினியரிங் காலேஜில் கலையைச் சேர்க்கிறோம் என்று சொல்லிவிட்டு, மெஷினை முடித்த பிறகு கடைசி வாரத்தில் போஸ்டர் வரைய ஆள் தேடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அது வேண்டாம். வரைகிறவர் முதல் நாளே கூட உட்கார வேண்டும், எதைச் செய்வது என்பதிலேயே அவர் பேச்சும் எடுபட வேண்டும். 1966-ல் நியூயார்க்கில் பெல் லேப்ஸ் என்ற தொலைபேசி ஆராய்ச்சிக்கூடத்தின் இன்ஜினியர் பில்லி குளூவர் சுமார் 30 இன்ஜினியர்களை 10 கலைஞர்களோடு சேர்த்து மேடை நிகழ்ச்சிகள் செய்தார். கலைஞர் கேட்டதற்கு இன்ஜினியர் வழி தேடினார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நமக்கு நடுகல், அதாவது இறந்த வீரனுக்காக நட்ட கல், இருக்கிறது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் துறையின் மியூசியம்) பார்க்கலாம், கிராமங்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்களும் உண்டு. மழையும் எண்ணெயும் பட்டு உருவமும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும் மழுங்கிப்போன கல்லை நேராகப் படமெடுத்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், தாழ்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், வீரன் கையிலுள்ள வில் வரைக்கும் எழுந்து வரும்.

சரி, இப்படிப் பல பக்கத்திலிருந்தும் வெளிச்சம் அடித்து எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்ப்பதுதான் ப்ராஜெக்ட். செய்முறை இதோ. கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி, எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள். கல்லை ஒட்டி, படத்துக்குள் விழும்படி, பளபளப்பான கறுப்பு உருண்டை இரண்டு வேண்டும். அதில் விழுகிற ஒளிப்புள்ளியை வைத்துத்தான் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சாஃப்ட்வேர் கணக்குப் போடுகிறது. ஃப்ளாஷில் கயிறு கட்டி, கல்லில் படாமல் தூரத்தை அளந்து, ஒவ்வொரு தடவையும் அதே தூரத்திலிருந்து கோணத்தை மட்டும் மாற்றி 40 முதல் 60 படம் எடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு எடுப்பது நல்லது. இலவச சாஃப்ட்வேர்கள் இவற்றைச் சேர்த்துக் கொடுத்துவிடும், திரையில் மவுஸை நகர்த்தினால் கல்மேல் வெளிச்சம் நகரும்.

அப்புறம்தான் சுவாரஸ்யமே. கயிற்றுக்குப் பதிலாக ஈசிஇ பசங்க ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோல் போர்டில் எல்இடி வளைவு கட்டலாம், மெக்கானிக்கல்காரர்கள் பைக்கில் கொண்டுபோகிற மாதிரி மடக்கு ஸ்டாண்ட் செய்யலாம். ஆனால் எது உளிக்கோடு, எது வெறும் விரிசல் என்று பிரித்துப் பார்க்க வரைந்து பழகிய கண் வேண்டும். "இந்த முழங்கைக்குக் கீழே இன்னும் தாழ்வாக வெளிச்சம் வேணும்" என்று அவர் சொன்னால் எல்இடியின் இடத்தை மாற்றுங்கள். அப்படிப்பட்டவர் காலேஜுக்குள் கிடைக்காவிட்டால், பக்கத்துக் கலைக் கல்லூரியிலோ ஊரில் சுவர் விளம்பரம் எழுதுகிற பெயின்டரிடமோ கேளுங்கள்.

முடிவுகளை மாணவர்களே எடுக்கட்டும். கைடு அனுமதிக் கடிதத்துக்கும் கையெழுத்துக்கும் இருந்தால் போதும். அகழ்வைப்பகம் என்றால் தொல்லியல் துறையிடம், ஊர்க்கல் என்றால் பூசாரியிடமும் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸோ மாவோ தடவவே கூடாது, கல் கெட்டுப்போகும். செலவுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஒரிஜினல் படங்கள் ஒன்றைக்கூட அழிக்காமல், எந்தக் கல், எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். ஒரு பிரதி ஊருக்கு, ஒன்று தொல்லியல் துறைக்கு, இன்னொன்று அடுத்த கல்லைப் படமெடுக்கப்போகிற ஜூனியர்களுக்கு.