கொள்ளுத்தாத்தாவை நீலப் புத்தகத்தில் தேடுவது எப்படி?

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் தை அறுவடை முடிந்த கையோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார், திரும்பவே இல்லை. எந்த வருடம், யார் அழைத்துப் போனார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. டெல்டாவில் இப்படி ஒரு கதை இல்லாத தெரு குறைவு.

இந்த மாதிரிக் கதைகளுக்கு லண்டன் பாராளுமன்றத்தின் பழைய அறிக்கைகள் உதவும். சென்னை மாகாணத்தில் நடந்ததைப் பற்றி அங்கே கேள்வி எழுந்தால், கலெக்டர்களின் கடிதங்கள், சாட்சியங்கள், கணக்குகளை அச்சிட்டு அவையில் வைப்பார்கள். நீல அட்டை போட்டதால் ‘ப்ளூ புக்’ என்று பெயர். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் தாத்தா பெயர் இதில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் வாழ்ந்த ஊரும், செய்த வேலையும், ஊரை விட்டுப் போன காரணமும் கிடைக்கலாம்.

முதல் வேலை: வீட்டில் விசாரியுங்கள்

ஊர், வட்டம், சொந்த நிலமா, குத்தகையா, பண்ணை வேலையா என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய கிஸ்து (நிலவரி) ரசீதோ பத்திரமோ பெட்டியடியில் இருந்தால் எடுங்கள். அதில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு, போட்டிருக்கும். 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1290 என்றால் 1880 ஜூலையில் தொடங்கிய வருடம்.

இரண்டாவது: ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் வாயால் சொல்லிப் பாருங்கள்

நான் வழுக்கியது இங்கேதான். இரண்டு வாரம் ‘நாகப்பட்டினம்’ என்று இன்றைய எழுத்தில் தேடி ஒன்றும் சிக்கவில்லை. அச்சில் இருந்தது ‘நெகபடாம்’. தஞ்சாவூர் ‘டாஞ்சோர்’, திருச்சி ‘ட்ரிச்சினாபொலி’, தரங்கம்பாடி ‘ட்ராங்கிபார்’, கொள்ளிடம் ‘கோலரூன்’, சீர்காழி ‘ஷியாளி’. மயிலாடுதுறையை மாயவரம் என்று தேடுங்கள். நம் பாட்டிகள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். திருவாரூரைத் ‘திருவலூர்’ என்று எழுதியிருப்பார்கள், சென்னைப் பக்கத்துத் திருவள்ளூரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் நாலைந்து எழுத்துமுறை வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. சிறிய கிராமம் என்றால் பக்கத்து ஊர், ஆறு, வாய்க்கால் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: எந்த அறிக்கை?

மிராசு நிலம் (பரம்பரை உரிமையுள்ள நிலம்), வரி என்றால் 1812இல் வந்த ஐந்தாம் அறிக்கையில் தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் விவகாரங்களை ஆராய்ந்த குழுவின் அறிக்கை அது. முன்னோர் பண்ணையாட்களாக இருந்தால், இந்தியாவில் அடிமை முறை பற்றி 1828இல் அச்சான தாள்களைப் பாருங்கள். 1819இல் ரெவின்யூ போர்டு கேட்டதற்குத் தஞ்சாவூர் உட்படப் பல ஜில்லாக் கலெக்டர்கள் எழுதிய பதில்கள் அதில் உண்டு. படிக்க மனசு கனக்கும். பேசுவது முழுக்க அதிகாரியும் மிராசுதாரும்தான். வயலில் நின்றவர் வாய் திறக்கவே மாட்டார்.

1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை அறிக்கை வேறு வகை. வரி வசூலிக்கக் கிட்டி போட்டதும் (கட்டைகளுக்கு நடுவே விரல்களை நசுக்குவது), அண்ணாந்தாள் கட்டியதும் (கழுத்தில் கயிறு போட்டு ஆளை வளைத்துக் கட்டுவது) அதில் அதே தமிழ்ச் சொற்களில் வருகின்றன. கடல் கடந்தவர்களுக்கு 1874இல் பாராளுமன்றத்துக்குப் போன ஜியோகெகன் குறிப்பும், 1910இல் வந்த சாண்டர்சன் குழு அறிக்கையும் முக்கியம். இரண்டும் இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்குக் கூலிவேலைக்குப் போனவர்களைப் பற்றியவை.

நான்காவது: தேடுதல்

இன்டர்நெட் ஆர்க்கைவ், கூகுள் புக்ஸ், ஹாதிடிரஸ்ட் மூன்றிலும் பல தொகுதிகள் இலவசமாகக் கிடைக்கும். அவையில் நடந்த பேச்சுகளுக்கு 1803 முதலான ஹான்சார்ட் (பாராளுமன்ற விவாதப் பதிவு) தனியாக இணையத்தில் இருக்கிறது. கணினி பழைய அச்சைத் தப்பாகப் படிக்கும். ஊர்ப் பெயர் வரிக் கடைசியில் உடைந்திருந்தால் தேடலில் வராது. அதனால் பொருளடக்கத்தையும் பின்னிணைப்பையும் கண்ணால் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். பின்னிணைப்பில்தான் சரக்கு இருக்கும்.

கிடைத்ததும் ஆண்டு, தொகுதி, தாள் எண், பக்கம் நான்கையும் குறித்துவையுங்கள். எண்ணுக்கு முன்னால் ‘சி’ இருந்தால் 1870–1899, ‘சிடி’ என்றால் 1900–1918, ‘சிஎம்டி’ என்றால் 1919–1956.

அப்புறம்?

பெயர் வேண்டுமென்றால் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஊரும் வருடமும் கையில் இல்லாமல் போனால் அலைச்சல்தான் மிச்சம். தாத்தா காலம் போதும் என்றால், 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையொட்டிய சென்னைச் சட்டமன்ற விவாதங்களைத் தேடுங்கள்.

எங்கள் பினாங்குத் தாத்தா விஷயம்? சாண்டர்சன் குழுவின் தாள்களில் கங்காணி முறையைப் படித்தேன். தோட்டத்திலிருந்து கங்காணியை, அதாவது கூலியாட்களின் மேஸ்திரியை, அவன் சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் பிடித்திருக்கிறார்கள். சரி என்று பெரிய அத்தையிடம் போய், “நம்ம ஊர்ல கங்காணி வீடுன்னு ஏதாவது இருந்துச்சா அத்தை?” என்றேன்.

“ஏன், குளத்து மேட்டு வீடுதான்” என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.